எம்எஸ் இருப்பவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய், இருப்பது தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. நோயைப் பற்றிக் கேட்டவர்களைவிட, அது இருக்கும் ஆளை என்னவென்று அழைப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம். புதிதாகத் தெரியவந்தவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், கட்டுரை எழுதுகிறவர்களும் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் மருத்துவ ஆலோசனை எதுவும் இல்லை, சொற்களைப் பற்றிய பேச்சு மட்டும்தான்.

எம்எஸ் என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

இரண்டு வரி போதாது, கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது, மின்கம்பியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய இடங்களில் அந்த உறையை நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. தாக்கிய இடத்தில் தழும்பு விழுகிறது. எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்துப் பார்வை மங்கலாம், கால் மரத்துப்போகலாம், நடை தள்ளாடலாம், ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் களைப்பு ஆளை அடித்துப்போடலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தெரியவரும். ஆண்களைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு பெண்களுக்கு இது இருக்கிறது. உலகம் முழுக்க சுமார் 29 லட்சம் பேருக்கு இருப்பதாக எம்எஸ் சர்வதேசக் கூட்டமைப்பின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. தொற்றாது.

பெயரே வாயில் நுழையவில்லை. தமிழில் என்ன சொல்வது?

முழுப் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். 1868-ல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்ட்டின் சார்கோ என்ற நரம்பியல் மருத்துவர்தான் இதைத் தனி நோயாக விவரித்துப் பெயரும் வைத்தார். இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது அங்கங்கே கெட்டியான திட்டுகள் இருந்தன. கிரேக்கத்தில் 'ஸ்க்ளெரோஸ்' என்றால் கெட்டி. ஆக, பல இடங்களில் கெட்டிப்பட்டது என்பதுதான் பெயரின் பொருள். உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை இந்தப் பெயர் சொல்வதே இல்லை. நாங்கள் எல்லோரும் பிணவறையில் வைத்த பெயரைத்தான் சுமந்துகொண்டு திரிகிறோம்.

தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் இரண்டு சங்கடம். ஒன்று, மூளையும் பார்வை நரம்பும் பெயரில் விடுபட்டுப்போகின்றன. கண் மங்கித்தான் எனக்கு முதலில் தெரிந்தது. கண் டாக்டரிடம் போன ஆள் 'தண்டுவட' நோயோடு திரும்பி வந்தேன் என்றால் வீட்டில் யாருக்குப் புரியும்? இன்னொன்று, மரப்பு என்றதும் கை கால் மரத்துப்போவதுதான் நமக்கு நினைவு வரும். மூலச்சொல் சொல்வதோ கெட்டிப்படுவதை.

'எம்எஸ்' என்றே சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் விளக்குவதுதான் நடைமுறையில் சுலபம். 'எம்எஸ்ஸா, எந்தக் காலேஜ்?' என்று கேட்பார்கள். 'சிரோசிஸா? நீங்க குடிப்பீங்களா?' என்றும் கேட்பார்கள். பழகிவிடும். 'நரம்புத் தளர்ச்சி' என்று மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள். அந்தச் சொல்லின் பின்னால் வேறு வகை விளம்பரங்கள் வரிசையாக நிற்கின்றன.

'எம்எஸ் நோயாளி' என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லக்கூடாது என்று இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். நான் இடத்தைப் பார்ப்பேன்.

மருத்துவமனையில் இருக்கும்போது நான் நோயாளிதான். எம்ஆர்ஐ எடுக்கப் படுத்திருக்கிறேன், மருந்து ஏற்றிக்கொள்கிறேன், நரம்பியல் மருத்துவர் முழங்காலில் தட்டிப் பார்க்கிறார். அந்த நேரத்தில் எனக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கு அது சரியான பெயர். ஆனால் வருடத்தில் அப்படிப் போகும் நாள்களை எண்ணினால் இரண்டு கை விரல்களைத் தாண்டாது. மிச்ச நாளெல்லாம் நான் கணக்கு எழுதுகிறேன், பிள்ளையை அதட்டுகிறேன், தூங்குகிறேன். அந்த ஆளையும் 'நோயாளி' என்று எழுதினால், மருத்துவமனைக் கட்டிலை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தது மாதிரி இருக்கிறது.

இந்த வாதத்தை ஆரம்பத்திலேயே உரக்கச் சொன்னவர்களில் எய்ட்ஸ் இருந்தவர்கள் உண்டு. 1983-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள், அது தோற்றுப்போனவர்கள் என்று சொல்வது. எப்போதாவதுதான் நாங்கள் நோயாளிகள். மற்ற நேரத்தில் எய்ட்ஸ் உள்ள மனிதர்கள். இதுதான் அதன் சாரம். பிறகு வந்த பல நோய்க்காரர்களின் சொல் விவாதங்களுக்கு அது வழி போட்டுக் கொடுத்தது.

ஆனால் இதைத் தமிழில் அப்படியே இறக்குமதி செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பேச்சில் 'நான் சுகர் பேஷண்ட்ங்க', 'அவர் ஹார்ட் பேஷண்ட்' என்று சொல்கிறவர்கள் தங்களைச் சிறுமைப்படுத்திக்கொள்வதாக நினைப்பதில்லை. வரிசையில் கொஞ்சம் முன்னால் விடச் சொல்வதற்கும், இனிப்பு வேண்டாம் என்பதற்கும் அது வசதியான சொல். 'நான் எம்எஸ் பேஷண்ட்' என்று ஒருவர் அதே தொனியில் சொன்னால் அவரைத் திருத்தப் போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், 'உழைக்கிறவன் உழைப்பாளி, படைக்கிறவன் படைப்பாளி, அப்போ நோயை ஆள்றவன் நோயாளி' என்பார். இலக்கணம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, எனக்குப் பிடித்திருந்தது.

'எம்எஸ்ஸால் பாதிக்கப்பட்டவர்' மரியாதையான சொல்தானே?

பத்திரிகைகளுக்குப் பிடித்த சொல். 'நோயாளி' என்று எழுதக் கூச்சப்பட்டு இதை எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ இது இன்னும் கனமாகத் தெரிகிறது. நோயாளி என்பதிலாவது ஓர் ஆள் இருக்கிறார், இதில் அடி வாங்கியவர் மட்டும்தான் இருக்கிறார். வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர், புயலால் பாதிக்கப்பட்டவர் என்று எழுதிப் பழகிய கை அது. வெள்ளம் வடிந்துவிடும்.

அறிகுறியைப் பற்றிப் பேசும்போது எனக்கு இதில் சண்டை இல்லை. 'எம்எஸ்ஸால் இடது கண் பாதிக்கப்பட்டிருக்கிறது' என்றால் சரி. பாதிக்கப்பட்டது கண், நான் முழுசாக இல்லை. 'அவதிப்படுபவர்', 'நோய்வாய்ப்பட்டவர்' இரண்டுக்கும் இதே பதில்தான். அவதிப்படும் நாளில் அவதிப்படுகிறேன் என்று நானே சொல்வேன். அதை என் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்ட வேண்டாம்.

'ஆளை முதலில் சொல், நோயைப் பிறகு சொல்' என்கிறார்களே. தமிழில் அதை எப்படிச் செய்வது?

நேர்மையாகச் சொன்னால், அப்படியே செய்ய முடியாது. இந்த விதி ஆங்கிலச் சொல் வரிசையைப் பார்த்து உருவானது. 'பர்சன் வித் எம்எஸ்' என்னும்போது ஆள் முதலில் வருவார், நோய் பின்னால் வரும். 2006-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் ஆங்கிலத் தலைப்பும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. தமிழில் அடைமொழி எப்போதும் முன்னால்தான் நிற்கும். 'எம்எஸ் உள்ள ஆசிரியர்' என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் எம்எஸ்தான் முதலில் உள்ளே நுழையும், ஆசிரியர் கடைசியில் வந்து சேர்வார். இதற்காக மொழியை முறுக்கி 'எம்எஸ்ஸுடன் கூடிய நபர்' என்றெல்லாம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வாழைப்பழத்துடன் கூடிய தட்டு மாதிரி.

அப்போது தமிழில் எதைக் கவனிப்பது? நான் இரண்டு விஷயத்தைப் பார்ப்பேன். ஆள் தனிச்சொல்லாக நிற்கிறாரா, நோயின் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறாரா என்பது ஒன்று. 'எம்எஸ் உள்ளவர்', 'எம்எஸ் இருக்கிற பெண்' என்பவற்றில் ஆள் தனியாக நிற்கிறார். எழுத்தில் எனக்கு மிகவும் இயல்பாக இருப்பது 'எம்எஸ் உள்ளவர்', பேச்சில் 'எம்எஸ் இருக்கிறவங்க'. இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணிக்கத்தான் வேண்டுமா என்பது. 'அவர் பள்ளி ஆசிரியர். இரண்டு பிள்ளைகள். எம்எஸ் இருக்கிறது.' மூன்று வாக்கியம் போட்டால் வரிசைச் சண்டையே இல்லை. கதைக்குத் தேவைப்படாத இடத்தில் மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடவும் முடியும்.

ஆளை முன்னால் வைப்பதே எல்லோருக்கும் விருப்பம் என்றும் நினைத்துவிட வேண்டாம். காது கேளாதவர்களிலும் ஆட்டிசம் உள்ளவர்களிலும் பலர், 'அது என்னிடமிருந்து கழற்றி வைக்கிற சட்டை இல்லை, அதுதான் நான்' என்று அடையாளத்தை முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். காது கேளாதவர்களுக்கென்று சைகை மொழி இருக்கிறது, பண்பாடு இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறவியிலிருந்தே கூட வருகிற ஒரு பார்வை இருக்கிறது. எம்எஸ் பெரும்பாலும் பாதி வழியில் ஏறிக்கொள்ளும் பயணி. அதற்கு முன்னால் இருபது முப்பது வருடம் அது இல்லாமல் ஓர் ஆள் இருந்தார். 'நான்தான் எம்எஸ்' என்று சொல்கிறவரை நான் அதிகம் பார்க்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

'எம்எஸ் வந்திருக்கு', 'எம்எஸ் இருக்கு', 'எம்எஸ்ஸோடு வாழ்கிறேன்': இவற்றில் என்ன வித்தியாசம்?

எனக்குப் பிடித்த கேள்வி. எனக்குப் பசிக்கிறது, எனக்கு இரண்டு தங்கைகள், எனக்கு எம்எஸ் இருக்கிறது. மூன்றுக்கும் தமிழ் அதே 'எனக்கு'வைத்தான் போடுகிறது. நான் நோயாகவும் ஆகவில்லை, நோயை வாங்கிக் கையில் வைத்திருக்கவும் இல்லை. அது என் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இதைவிட நடுநிலையான வாக்கியத்தை யோசித்து உருவாக்கியிருக்க முடியாது. அதனால் என் முதல் பரிந்துரை எப்போதும் 'எனக்கு எம்எஸ் இருக்கு'தான்.

'வந்திருக்கு' என்றால் கேட்பவர் 'எப்போ போகும்?' என்று எதிர்பார்ப்பார். காய்ச்சல் வரும், போகும். புதிதாகத் தெரியவந்தவர்கள் முதல் சில மாதம் 'வந்திருக்கு' என்று சொல்லிவிட்டு, ஒருநாள் தாங்களே அறியாமல் 'இருக்கு'வுக்கு மாறுவதைக் கவனித்திருக்கிறேன். அந்த ஒரு வினைச்சொல் மாற ஒரு வருடம்கூட ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். தேதி சொல்லும்போது 'வந்தது' என்பதைவிடத் 'தெரிந்தது' சரியாக இருக்கும். பலருக்கு முதல் அறிகுறி பல வருடம் முன்பே வந்து, ஏதோ ஒன்று என்று விட்டிருப்பார்கள். என் விரல்கள் மரத்துப்போனது கல்லூரிக் காலத்தில். பேர் கிடைத்தது அப்புறம் ரொம்ப நாள் கழித்து.

'எம்எஸ்ஸோடு வாழ்கிறேன்' கொஞ்சம் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். மேடைக்கும் பதாகைக்கும் பொருந்தும், பேச்சில் ஒட்டாது. எங்கள் குழுவில் ஒருவர் மட்டும் அதைத் தமிழாக்கிவிட்டார்: 'எம்எஸ்ஸோட குடித்தனம் நடத்திக்கிட்டிருக்கேன்.' அதில் சண்டையும் அடங்கும், பேசாமல் இருக்கிற நாள்களும் அடங்கும்.

'எம்எஸ் போராளி' என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஆங்கிலத்தில் 'எம்எஸ் வாரியர்' என்று படத்துக்குக் கீழே போட்டுக்கொள்கிறார்கள், அதன் தமிழ் நிழல் இது. எனக்கு இது ஒத்துவரவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போர் என்றால் வெற்றி, தோல்வி என்று கணக்கு வரும். போன வருடம் நடந்தவர் இந்த வருடம் சக்கர நாற்காலிக்கு மாறினால், அவர் சரியாகப் போராடவில்லை என்றா அர்த்தம்? தழும்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதில் யாருடைய வீரத்துக்கும் பங்கு இல்லை. அதோடு, இந்த நோயே உடம்பின் காவல் படை எதிரி யாரென்று தெரியாமல் சொந்த வீட்டைச் சுடுவதுதான். நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் 1993-ல் பீட்டா இன்டர்ஃபெரானோடு வரத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை அந்தப் படையை அடக்குகின்றன அல்லது திசைதிருப்புகின்றன. ஏற்கெனவே தேவைக்கு மேல் போர் நடந்துகொண்டிருக்கிற உடம்பில் இன்னொரு போராளி எதற்கு?

ஆனால் வாரா வாரம் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு இளம்பெண் இந்தச் சொல் இல்லாவிட்டால் ஊசியையே எடுத்திருக்க மாட்டேன் என்றார். அவருக்கு அது வேலை செய்கிறது, அவ்வளவு போதும். தானாக எடுத்துக்கொண்டால் சரி. மற்றவர்கள் மாலை மாதிரி எங்கள் கழுத்தில் போட வேண்டாம். 'உங்களைப் பார்த்தால் உத்வேகமாக இருக்கு' என்பதற்கும் இதே விதி. நான் அன்றைக்குக் காய்கறி வாங்கத்தான் போனேன்.

எங்களுக்குள் சொல்லிக்கொள்ளச் செல்லப்பெயர் ஏதும் உண்டா?

உண்டு. ஆங்கிலத்தில் 'எம்எஸ்ஸர்'. ஜெர்மனில் 'எம்எஸ்லர்'. பிரெஞ்சில் நோயின் சுருக்கம் 'செப்', அதிலிருந்து 'சேப்பியான்' என்று ஒரு சொல் செய்திருக்கிறார்கள், ஏதோ ஒரு தீவின் குடிமக்கள் மாதிரி அழகாக இருக்கிறது. தமிழில் 'எம்எஸ்காரர்' என்று சொல்லிப் பார்த்தோம். வட்டிக்காரர் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சிரித்ததும் அதோடு விட்டுவிட்டோம். இந்தச் சொற்கள் உள்ளே இருப்பவர்கள் பயன்படுத்துவதற்கு. வெளியே இருப்பவர் சொன்னால் அதே சொல் உறுத்தும்.

நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். நான் மாற்றுத்திறனாளியா?

சட்டம் ஒரு பதில் சொல்லும், உங்கள் மனசு ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி எம்எஸ் என்று கண்டறிந்த நாளிலிருந்தே ஒருவர் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுவார், அறிகுறி தெரிகிறதோ இல்லையோ. சில நாடுகளில் சதவீதம் போட்டு அளப்பார்கள், குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால்தான் சலுகை. உரிமைக்காகப் படிவத்தில் டிக் அடிப்பதும், கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்வதும் வேறு வேறு காரியம். படிவத்தில் தயங்காமல் அடியுங்கள்.

அளப்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலை ஜான் கர்ட்ஸ்கி 1983-ல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 0 முதல் 10 வரை, அரை அரையாக ஏறும். நடுவில் இருந்து மேலே போகப்போக அது பெரும்பாலும் நடையைத்தான் பார்க்கிறது. நூறு மீட்டர் நடக்க ஒரு பக்கம் கைத்தடி வேண்டும் என்றால் 6. ஆனால் மதியத்துக்கு மேல் ஒரு மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் புரியாமல் போவதற்கு அதில் பெரிதாக இடம் கிடையாது. 'என் மதிப்பெண் 2-தான், நான் எப்படி மாற்றுத்திறனாளி?' என்று கேட்டு எழுதிய ஒருவர், களைப்பால் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

2018-ல் அமெரிக்க நடிகை செல்மா பிளேர் தனக்கு எம்எஸ் இருப்பதை வெளியே சொன்னபோது, எம்எஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நான் மாற்றுத்திறனாளி, சில நேரம் விழுகிறேன் என்றும் அதே பதிவில் எழுதினார். அடுத்த வருடம் கைத்தடியோடு விருந்துக்கு வந்தார். அந்தச் சொல்லைத் தங்களுக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று பலருக்குத் தோன்றியது அப்போதுதான்.

என்னைக் கேட்டால், 'ஊனமுற்றவர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது நல்லதே. ஆனால் எனக்கு மாற்றுத் திறன் ஏதும் புதிதாக முளைக்கவில்லை. இருந்த திறன்களில் சில மதியத்துக்கு மேல் வேலை செய்வதில்லை. வெயில் காலத்தில், சூட்டால் எல்லாம் மோசமாகும்போது, 'ஆமாம், நான் மாற்றுத்திறனாளி' என்பேன், குளிர்காலத்தில் அந்தச் சொல் ஞாபகமே வராது. மாற்றிச் சொல்வதில் பொய் எதுவும் இல்லை, நோயே மாறிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் சொன்ன வகைப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா?

மருத்துவரிடமும் உங்களைப் போன்றவர்களிடமும் சொல்லுங்கள், மற்றவர்களுக்குத் தேவையில்லை. 1996-ல் நான்கு வகையாகப் பிரித்தார்கள், 2013-ல் அதைத் திருத்தி ஒன்றைக் கைவிட்டார்கள். சுமார் 85 சதவீதம் பேருக்கு வந்து வந்து தணியும் வகையில்தான் தொடங்குகிறது. பிறகு சிலருக்கு அது நிற்காமல் மெல்ல மெல்லக் கூடும் வகையாக மாறும். இதைத் தமிழில் 'முன்னேறும் வகை' என்று எழுதிவிடுகிறார்கள். ஐயா, முன்னேற்றம் என்றால் எங்களுக்கு நல்ல செய்தி! 'படிப்படியாகக் கூடும் வகை' என்று எழுதினால் என்ன?

இந்த இரண்டாம் வகைக்கு மாறியதாகச் சொல்லப்படும் நாள் பலருக்கு முதல் நாளைவிடக் கசப்பானது. மாறியதை ஒரு சோதனை வைத்துச் சொல்ல முடியாது, திரும்பிப் பார்த்துத்தான் சொல்வார்கள். நேற்று வரை இருந்த உடம்புதான் இன்றும், பெயர் மட்டும் வேறு. 'சாதுவான எம்எஸ்' என்று ஒரு சொல்லும் உலவுகிறது. அதையும் பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் ஆரம்பத்திலேயே யாராவது அப்படிச் சொன்னால், நம்பவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

'இப்போ நல்லா இருக்கீங்களே, சரியாயிடுச்சா?' என்று கேட்டால்?

தணிந்திருக்கிறது என்று சொல்லுங்கள். குணமானது வேறு, தணிந்தது வேறு. கங்கு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, சாம்பலைப் பார்த்து அடுப்பில் கை வைக்காதவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

1945 மே 1-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஒரு சிறிய விளம்பரம் வந்தது. எம்எஸ்ஸிலிருந்து குணமானவர் யாராவது இருந்தால் நோயாளியைத் தொடர்புகொள்ளவும் என்று கேட்டது. கொடுத்தவர் சில்வியா லாரி, தன் சகோதரனுக்காக. பதில்கள் வந்தன. எழுதியவர்கள் குணமானவர்கள் இல்லை, அதே கேள்வியை வைத்திருந்த மற்றவர்கள். அந்தக் கடிதங்களை வைத்து அவர் அடுத்த வருடமே அமெரிக்காவில் தேசிய அளவில் எம்எஸ் சங்கத்தைத் தொடங்கினார். இன்றைக்கும் இதற்கு முழுக் குணம் இல்லை, கட்டுக்குள் வைக்க மருந்துகள் இருக்கின்றன. 'சரியாயிடுச்சு' என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டால், அடுத்த முறை கால் இழுக்கும்போது நடிக்கிறீர்கள் என்பார்கள்.

வெளியே தெரியாத களைப்பை எப்படிச் சொல்வது?

இங்கேதான் சொல் தட்டுப்பாடு. 2019 உலக எம்எஸ் தினத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத எம்எஸ் என்பதையே மையமாக வைத்தார்கள், அந்த அளவுக்கு இது எல்லோருக்கும் உள்ள தலைவலி. களைப்பு, சோர்வு, அசதி எதைச் சொன்னாலும் 'எனக்கும்தான்' என்று பதில் வரும். அதனால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். 'குளித்துவிட்டு வந்து, சட்டை போடுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார வேண்டியிருந்தது.' இதற்கு யாரும் 'எனக்கும்தான்' என்பதில்லை.

லூபஸ் நோய் உள்ள ஓர் அமெரிக்கப் பெண் 2003-ல் எழுதிய கட்டுரையில், அன்றாடத் தெம்பைக் கரண்டிகளாக எண்ணிக் காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கரண்டி போய்விடும். அதிலிருந்து தங்களை 'ஸ்பூனி' என்று அழைத்துக்கொள்ளும் பெரிய கூட்டமே உண்டு. தமிழில் கரண்டி என்றால் பரிமாறுவதற்குப் போய்விடுகிறது. நான் சில்லறை என்பேன். 'காலையில பத்து ரூபாய்தான் கொடுத்து அனுப்புது. மாடி ஏறினதுல நாலு ரூபாய் போச்சு.' சூட்டில் எல்லாம் மோசமாவதற்கு ஊட்டோஃப் என்ற மருத்துவரின் பெயர் இருக்கிறது, 1890-ல் அவர் உடம்பை வருத்திய பிறகு கண் மங்குவதைக் கவனித்து எழுதினார், காரணம் சூடு என்பது பிறகுதான் தெரிந்தது. வெந்நீரில் குளித்தால் கண் மங்குகிறது என்று சொன்னதும் 'மனப்பிரமை' என்றவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

வேலை இடத்தில் என்ன சொல்வது?

சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டத்தையும் மேலாளரின் முகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். சொன்னால், நோயோடு சேர்த்துத் தேவையையும் சொல்லுங்கள். 'எனக்கு எம்எஸ் இருக்கு' என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவர் இரவு உட்கார்ந்து பயங்கரமான படங்களைத் தேடிப் பார்ப்பார். 'கூட்டங்களைக் காலையில் வைத்துக்கொள்ளலாமா, மதியம் கண் சரியாக ஓடாது' என்றால் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது.

என் மனைவிக்கு எம்எஸ். நான் அவளுடைய 'பராமரிப்பாளரா'?

படிவத்தில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள். வீட்டில் நீங்கள் கணவர். அவருக்குப் பொத்தான் மாட்டிவிடுவது கணவர் செய்கிற வேலைதான், அதற்குத் தனிப் பதவி வேண்டாம். ஆனால் உங்களுக்கும் முதுகு வலிக்கிறது, உங்களுக்கும் உதவி வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'பராமரிப்பாளர்' என்ற சொல் உதவும், அங்கே கூசாமல் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும்: 'எங்களுக்கு எம்எஸ் இருக்கு' என்று சேர்த்துச் சொல்ல ஆசை வரும். சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது ஆறுதல். சிலர், 'அப்போ பாதி ஊசியை நீங்க போட்டுக்கோங்க' என்பார்கள்.

பத்திரிகையில் எழுதுகிறேன். சுருக்கமாக விதி சொல்ல முடியுமா?

யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடம் கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் 'எம்எஸ் உள்ளவர்'. 'சக்கர நாற்காலியில் முடங்கினார்' வேண்டாம், 'சக்கர நாற்காலி பயன்படுத்துகிறார்' போதும். முடங்கியவரை வெளியே அழைத்து வருவதே அந்த நாற்காலிதான். 'கொடிய நோய்' என்ற அடைமொழியை ஒருவருடைய பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். எல்லோரும் சக்கர நாற்காலியில் முடிவதும் இல்லை.

எந்தப் பெயரும் வேண்டாம், ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் இருந்துவிடலாமா?

இருக்கலாம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே அப்படித்தான் இருந்தார், வேறு வழியில்லாமல். 1822-ல் ஓர் உறவினரின் இறுதிச் சடங்குக்குப் போன சமயத்தில் அவருக்குத் திடீரென்று பார்வை மங்கியது. அப்புறம் தெளிந்தது. பிறகு கால்கள், நடை, மரத்துப்போதல் என்று ஒவ்வொன்றாக வந்தது. 1848-ல் அவர் இறந்தபோது இந்த நோய்க்குப் பெயரே கிடையாது, சார்கோ பெயர் வைக்க இன்னும் 20 வருடம் இருந்தது. டெஸ்டே நாட்குறிப்பு வைத்திருந்தார். பிற்காலத்தில் அதைப் படித்த மருத்துவர்கள் இது எம்எஸ்தான் என்று அடையாளம் கண்டார்கள், இவ்வளவு நீளமாக எம்எஸ்ஸைப் பதிந்து வைத்த பழைய ஆவணம் அது என்றும் சொல்கிறார்கள். தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று தெரியாத ஆள், இன்றைக்கு எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, கண் எப்படி இருந்தது, எங்கே தடுமாறினேன் என்று இருபது வருடத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.